கடலில் மூன்று உப்பு குறைந்த கதை

நான் ஒருமுறை மன்னார் வளைகுடாவின் மீது குற்றம் சாட்டியிருக்கிறேன். உப்பு குறைகிறது என்று. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், புதுமடம் கடற்கரையில், வலை உதறிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் முன்னால், கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. (வாலிபக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.) இராமநாதபுரத்தில் நில அளவைப் பிரிவில் வேலை. ஒரு சாண் பிசகினால் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால், எதையும் இரண்டு முறை அளந்து, தேதியும் நேரமும் போட்டு எழுதிவைப்பேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சிலிண்டர் மாற்றிய தேதி, பால் திரிந்த தேதி எல்லாம் என் டைரியில் இருக்கும்.

என் மனைவி ஜைனம்பு புதுமடத்துக்காரி. மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடந்த மாதங்களில் ஒருநாள், "கொழம்புல கெடக்குற மீனையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுங்க. உசுரோட நீந்துற மாதிரி ரெண்டு வாங்கித் தாறீகளா?" என்றாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் வாய்திறந்து கேட்ட முதல் பொருள். மதுரைக் கடை ஒன்றிலிருந்து கண்ணாடித் தொட்டியும், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடியும் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. டாக்டர் நடக்கச் சொன்னபோதெல்லாம் நடக்காதவள், தொட்டியைப் பார்க்க நாளைக்கு இருபது தடவை எழுந்து நடந்தாள்.

கடல் தண்ணீருக்குக் குறைவில்லை. அவள் தம்பி சேகு புதுமடத்தில் படகு வைத்திருக்கிறான். வாரம் ஒருமுறை இரண்டு நீலக் கேன்களில் அள்ளி, பைக்கில் கொண்டுவருவான். "ஆயிரம் பங்கு தண்ணியில முப்பத்தஞ்சு பங்கு உப்பு இருக்கணும். ஏறாம எறங்காம பாத்துக்கங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டிய ஆளிடம்தான் சொன்னார்.

அளப்பதற்கு ஒரு குழல் வாங்கினேன். ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். ஒரு முனையில் சாய்வான கண்ணாடி. அதில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சம் பக்கம் நீட்டி மறுமுனையில் கண்ணை வைத்தால், ஒரு வட்டத்துக்குள் அளவுகோல் தெரியும். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடுதான் உப்பின் அளவு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரசம், கண் சொட்டு மருந்து, ஊறுகாய்த் தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. (ஊறுகாய் அளவுகோலைத் தாண்டிவிட்டது.)

கடல் நீரை அளப்பதற்கு முன், சுத்தமான தண்ணீரை விட்டு, கோடு பூச்சியத்தில் நிற்கும்படி திருகைச் சரிசெய்ய வேண்டும். சுத்தமான தண்ணீர் எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டுக் கிணறு. தெரு முழுக்க உப்புத் தண்ணீர். எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். என் அப்பா, அதாவது அத்தா, வெட்டிய நாளிலிருந்து அதுதான் குடும்பப் பெருமை. பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் குடத்தோடு வருவார்கள். அதிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். கோடு மூன்றில் நின்றது.

கருவியில் கோளாறு என்று முடிவு செய்தேன். (அத்தா வெட்டிய கிணற்றில் கோளாறு இருக்குமா?) திருகைத் திருப்பி, மூன்றைப் பூச்சியத்துக்கு இறக்கினேன்.

அடுத்து சேகுவின் கேன். முப்பத்திரண்டு! கடைக்காரர் சொன்னதற்கு மூன்று குறைவு. கடையில் விற்கும் கடலுப்புப் பாக்கெட்டை வாங்கி, கரைத்து ஊற்றி முப்பத்தைந்துக்கு ஏற்றினேன். கடலிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு கடலுப்பைக் காசுகொடுத்து வாங்கியவன், மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது வாரம் மீன்கள் இரை எடுக்கவில்லை. ஒரு மூலையில் ஒதுங்கி, செவுள் படபடக்க மூச்சு வாங்கின. அளந்தேன்: முப்பத்தைந்து. மறுநாள் பெரிய மீன் மணலில் சாய்ந்துவிட்டது. அளந்தேன்: முப்பத்தைந்து. டைரியில் எல்லாம் சரியாக இருந்தது. மீனுக்குத்தான் அது தெரியவில்லை.

தப்பு என் பக்கம் இல்லையென்றால் சேகு பக்கம்தான். கேன் வழியில் தளும்பிச் சிந்தியிருக்கும், அவன் ஏதோ தெருக்குழாயில் பிடித்து நிரப்பியிருப்பான் என்று கணக்குப் போட்டேன். கடலையே நேரில் அளந்து அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினேன். ஜைனம்பு தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "தம்பிய ஒண்ணும் சொல்லிராதீங்க. எனக்கு இந்த ரெண்டு உசுரு பொழச்சாப் போதும்."

புதுமடத்தில் இடுப்பளவு தண்ணீருக்குப் போய் ஒரு குப்பியில் அள்ளி வந்து, கரையில் நின்று குழலைக் கண்ணில் வைத்தேன். "என்ன மச்சான், இங்கன இருந்தே சிலோன் தெரியுதா?" என்றான் சேகு. வலையை விட்டுவிட்டு எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

முப்பத்திரண்டு.

சேகு நிரபராதி. அப்படியானால் மிச்சம் இருப்பது கடல்தான். நோட்டில் எழுதிக்கொண்டே, ஆபீஸ் குரலில் அறிவித்தேன்: "உங்க கடல்ல மூணு உப்பு குறையுது."

சூழ்ந்திருந்தவர்கள் எட்டி என் நோட்டைப் பார்த்தார்கள்.

"எவன் எடுத்தான்னு தெரியலையே மச்சான்," என்றார் ஒருவர்.

"நேத்து கருவாடு போட எங்க வீட்டுல ஒரு கை கூட அள்ளிட்டாளோ என்னமோ," என்றார் இன்னொருவர்.

நான் சிரிக்கவில்லை. மறுபடி அளப்பதற்காகக் கண்ணாடியைக் கழுவ வேண்டியிருந்தது. சேகு தன் பாட்டிலை நீட்டினான். கடையில் வாங்கிய கேன் தண்ணீர். கழுவினேன். ஈரம் கண்ணாடியில் இருக்கும்போதே, ஏனோ ஒருமுறை குழலுக்குள் பார்த்தேன். வட்டம் முழுக்க நீலம். கோடு பூச்சியத்துக்கும் கீழே இறங்கி எங்கோ மறைந்துவிட்டது.

உப்பே இல்லாத தண்ணீரைவிட உப்புக் குறைந்த தண்ணீர் உலகத்தில் எப்படி இருக்க முடியும்? மணலில் நின்று நான் யோசித்த யோசனையைப் பார்த்து சேகுவே பயந்துவிட்டான்.

"மச்சான், அந்தச் சைபர எந்தத் தண்ணியில வச்சீக?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணியிலதான். நல்ல தண்ணி."

சேகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "யா அல்லா! உங்க கெணத்துத் தண்ணியா? அக்கா கல்யாணமான நாள்லேருந்து சோத்துக்கு உப்பே போட்டதில்லையே மச்சான்!"

கடற்கரையில் அன்று எழுந்த சிரிப்பை அளக்க இன்னும் கருவி வரவில்லை.

கடையில் இரண்டு கேன் குடிதண்ணீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அதில் பூச்சியத்தை வைத்து அளந்தால் தொட்டியில் முப்பத்தெட்டு. கடல் சரியாகத்தான் இருந்திருக்கிறது; அதன் மேல் மூன்றை நான்தான் கூட்டியிருக்கிறேன். "ஒரேயடியா எறக்கிராதீங்க, மீன் தாங்காது" என்று போனில் கடைக்காரர் எச்சரித்தார். மூன்று நாள் லீவு போட்டு, தம்ளர் தம்ளராகத் தொட்டி நீரை எடுத்துக் கேன் நீரை ஊற்றினோம். நான்காம் நாள் பெரிய மீன் எழுந்து, ஜைனம்பு போட்ட இரையைக் கவ்வியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி உப்புன்னு பதினெட்டு வருசமா தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். உங்க அத்தா ஒரு செம்பு மோந்து குடுத்து, 'சர்க்கரையா இருக்காம்மா?'ன்னாக. புதுப்பொண்ணு என்ன சொல்லுவேன்?"

அன்றிலிருந்து குழல் அவள் வசம். தண்ணீர் ஊற்றுவது மட்டும் என் வேலை.

போன வருடம் சேகு மகள் கல்யாணம். பந்திக்கு முன் பிரியாணிச் சட்டியைத் திறந்த சமையல்காரர், ஒரு கரண்டி எடுத்து நேராக என்னிடம் கொண்டுவந்தார். "மச்சான்தான் உப்புப் பாக்கணும். கடலுக்கே பாத்தவுக!" புதுமடமே சிரிக்கத் தயாராகச் சுற்றி நின்றது. வாயில் போட்டேன். உண்மையிலேயே உப்பு குறைவு. நன்றாகவே குறைவு. எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"சரியா இருக்கு," என்றேன்.

கால் மணி நேரத்தில் பெண்கள் பந்தியிலிருந்து ஜைனம்பு போன் செய்தாள். "ஏங்க, சோத்துல உப்பே இல்ல. நீங்கதான் பாத்துச் சொன்னீகளாம்ல?"