முன்வாசல் கதவு என் இஷ்டம்

இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் பேச்சுதான் நடக்க வேண்டும் என்று நான் சபதம் எடுத்தது, புது வீட்டுக்கு முன்வாசல் கதவு வாங்கும் சமயத்தில்.

இரணியல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். தரைக்கு டைல்ஸ் யார் இஷ்டம்? என் மனைவி சொர்ணத்தின் இஷ்டம். சுவருக்குப் பெயிண்ட்? சொர்ணம். வாஸ்து பார்க்க வந்தவர் கிழக்கே பார்த்து நின்றுகொண்டு அடுக்களைக்கு இடம் காட்டினார். சொர்ணம் அவரையே திருப்பி நிறுத்திவிட்டாள். தக்கலையில் என் உரக்கடைக்கு வருகிற ஆட்கள் இந்தப் பகவதியப்பன் சொன்னால்தான் வாழைக்கு உரம் வைப்பார்கள். வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்குக்கூட என்னை யாரும் கேட்பதில்லை.

வாசலுக்கு நிலை வைத்தாயிற்று. எனக்குத்தான் இன்னும் ஒரு நிலை வரவில்லை. சரி, கதவாவது நம்முடையதாக இருக்கட்டும்.

எனக்கு ஸ்டீல் கதவு மேல் ஆசை. பக்கத்து வீட்டு ஞானசிங் மஸ்கட்டிலிருந்து வந்ததும் அதைத்தான் போட்டார். சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் நாலு பக்கமும் பூட்டு விழும். பீரோவுக்குள் குடியிருப்பதைப் போல ஒரு கம்பீரம்.

ஆனால் நேரே கேட்டால் நடக்காது. கல்யாணமான நாளிலிருந்து நான் வேண்டும் என்ற எதுவும் வந்ததில்லை. வேண்டாம் என்றதெல்லாம் வந்திருக்கிறது, என் மைத்துனன் உட்பட. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். மரக் கதவுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது. அவள் எப்படியும் எதிர்ப்பாள். ஸ்டீல் தானாக வந்து சேரும்.

"சொர்ணம், கதவு மரத்துலதான் போடணும், கேட்டியா? நல்ல அயனி மரத்துத் தடி. ஸ்டீலு கீலுன்னு யாரும் பேச்செடுக்கக் கூடாது."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஸ்டீலுதான் நல்லது, கொள்ளாம்னுலா எல்லாரும் சொல்லுதாவ?"

மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எவன் சொன்னான்? வீட்டுக்கு ஒரு லெச்சணம் வேண்டாமா? மரக் கதவுன்னா மகாலெச்சுமி. தொட்டுப் பாரு, குளுந்து கெடக்கும்."

"மழைக்கு வீங்காதா?"

"வீங்கட்டும். இழைச்சாப் போச்சு."

"செதலு?"

"அயனியக் கடிச்சா செதலுக்குப் பல்லு போயிரும்."

"அப்பம் மரந்தான் வேணும்ங்கிய?"

"மரந்தான். பிரம்மாவே வந்தாலும் மாத்த மாட்டேன்."

அவள் ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "செரி."

"என்ன செரி?"

"இவ்வளவு ஆசப்படுதிய. மரமே போட்டுருவோம்."

எனக்குக் கைகால் மரத்துப் போயிற்று. எதிர்ப்பே இல்லாமல் என் பேச்சு நடந்த முதல் நாள் அது. நடந்திருக்கக் கூடாத நாளும் அதுதான்.

மறுநாளே ஞானசிங்கைப் பிடித்தேன். "ஓய், எங்க வீட்டுக்கு வந்து உம்ம கதவப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்லும். அவ மனசு மாறணும்."

மனுஷர் வந்தார். சொர்ணம் சாயாவும் ஒரு தட்டு முந்திரிக்கொத்தும் வைத்தாள்.

"தங்கச்சி, கதவுன்னா ஸ்டீலுதான். கள்ளன் தொட முடியாது" என்று ஆரம்பித்தார்.

"கள்ளன் கெடக்கட்டும் அண்ணே. அன்னைக்கு நீங்களே உள்ள போக முடியாம நின்னியளாமே?"

ஞானசிங்கின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அது… காத்துல கதவு தானா பூட்டிக்கிட்டு. சாவி உள்ள. நம்ம வீட்டுக்காரி நேசபாய் சர்ச்சுக்குப் போயிருந்தா. நான் குளிச்சிட்டுத் துண்டோட வெளிய நிக்கேன்."

"அய்யோ!"

"ரோட்டுல போறவன் எல்லாம் குசலம் விசாரிக்கான். செரின்னு கதவோட ஒட்டிச் சாஞ்சா, வெயிலுக்கு முதுகுல தோச சுட்டுட்டு தங்கச்சி!"

"அப்பம் எதுதான் கொள்ளாம்?"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் முந்திரிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சத்தியமாச் சொல்லுதேன், மரந்தான் கொள்ளாம்."

தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

கதவு வந்தது. பால்காய்ப்பு அன்று வந்த சொந்தமெல்லாம் அதைத் தடவித் தடவிப் பார்த்தது. "யாரு செலக்‌ஷன்?" என்று கேட்டவர்களிடம் சொர்ணம் என்னைக் காட்டினாள். "எல்லாம் இவியதான். மரந்தான்னு ஒத்தக் கால்ல நின்னாவ."

சபையில் என் பெயர் அப்படி ஒலித்ததே இல்லை. எனக்கு நெஞ்சு விம்மியது. உள்ளதைச் சொன்னால், கதவும் அழகாகத்தான் இருந்தது. தேன் நிறம். திறந்தால் ஒரு வாசனை. மரக் கதவு என் சொந்த யோசனைதான் என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொர்ணம் ஒரு எண்ணெய்ப் பாட்டிலையும் பழைய வேட்டித் துணியையும் கையில் தந்தாள்.

"இது எதுக்கு?"

"மாசா மாசம் கதவுக்கு எண்ணெ தேய்க்கணுமாம். நீங்க ஆசப்பட்டுப் போட்டதுல்லா? இன்னொருத்தரு கை படலாமா?"

படக் கூடாதுதான். தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ரேகைகள் பொன்னாக மின்னின. போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சுகமாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. இரண்டு பேர் பளபளவென்று ஒரு ஸ்டீல் கதவை இறக்கி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோனார்கள்.

"சொர்ணம், அது யாருக்கு?"

"எனக்குத்தான். அடுக்கள வாசலுக்கு. மரம் முன்னால, ஸ்டீலு பின்னாலன்னு அஸ்திவாரம் போடும்போதே நெனச்சதுதான். நான் மரம்னு சொல்லியிருந்தா நீங்க எண்ணெ தேய்ப்பியளா?"

அவள் குனிந்து கதவைப் பார்த்தாள்.

"கீழ் மூலையில எண்ணெ படல. கொஞ்சம் குனிஞ்சு தேயுங்க."