தானம் கொடுத்தவரைக் காணவில்லை

எங்கள் தெரு சலூன்காரருக்கு இடது கணுக்காலில் ஐந்து வருஷமாக ஆறாத புண். நாள் முழுக்க நின்றே முடி வெட்டியதில், ரத்தத்தை மேலே ஏற்றிவிடும் குழாய்க்குள் இருக்கிற வால்வு கெட்டுவிட்டது. கையிலிருந்து நல்ல வால்வு உள்ள ரத்தக்குழாய்த் துண்டை எடுத்துக் காலில் தைத்துவிடலாம், தள்ளிப்போட்டால் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அதற்கு உறுப்பு மாற்று அனுமதிப் பிரிவின் ஒப்புதல் வேண்டுமாம். துணைக்கு நான் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"தானம் கொடுக்கிறவர் யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தாங்க."

"வாங்கிக்கிறவர்?"

"அதுவும் நான்தாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

"சார், கையும் அவரோடது, காலும் அவரோடது!" என்றேன் நான்.

"இருக்கட்டும். பட்டியல்ல அம்மா, அண்ணன், தங்கச்சி எல்லாம் இருக்கு. 'நானே'ன்னு ஒண்ணு இல்லையே? 'மற்றவர்'னு போடுங்க."

போட்டார். மற்றவர் என்றால் மிரட்டலுக்குப் பயந்து கொடுக்கிறாரா என்று இருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். பாவம், கொடுப்பவராக நொண்டிக்கொண்டே உள்ளே போனார், வெளியே வந்தார், வாங்குபவராக மறுபடி போனார். பாசத்தால்தான் கொடுக்கிறார் என்று வீட்டார் கடிதமும் கேட்டார்கள்.

"தன் மேல பாசம் இருந்தா அஞ்சு வருஷம் இந்தக் காலோட நிப்பாரா? நான் எப்படிங்க பொய் எழுதுறது?" என்று அவர் மனைவி அழுதுவிட்டார். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக, இருவரையும் நேரில் அறிந்த சாட்சி ஒருவர் தேவை. ஒரு கையெழுத்துதானே, என்ன குறைந்துவிடப் போகிறது என்று நான் போட்டேன்.

ஆபரேஷன் அமோகமாக முடிந்தது. புண் ஆறியது. வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டார். கொடுத்தவர் மட்டும் வார்டு பதிவேட்டில் இன்னும் படுத்திருந்தார். எனக்குக் கடிதம் வந்தது: 'மேற்படி நபர் சொல்லாமல் வெளியேறியதால், சாட்சியாகிய தாங்கள் அன்னாரை நேரில் ஆஜர்படுத்துமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது.'

சலூன்காரரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"இவர் வாங்கினவராச்சே! கொடுத்தவரைக் கூட்டிட்டு வாங்க," என்றார் அதிகாரி.

ஏழு மாதமாக அந்த அலுவலக வரிசையில் நிற்கிறேன். அங்கே நாற்காலி அதிகாரிக்கு மட்டும்தான். போன வாரம் என் கணுக்கால் வீங்கிவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "கையில நல்ல வால்வு இருக்கும், கவலைப்படாதீங்க," என்றார்.

விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். சாட்சிக்கு அலைய வேண்டியதில்லை. சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டார்.

"எனக்குத் தெரியாதாண்ணே உங்க ரெண்டு பேரையும்?"