பதினோராவது கதியால்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் லேசில் போகாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உடம்பு வருத்தத்தைச் சொல்வது போலத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சீனி வியாதி, எனக்கு இது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் கோபித்துக்கொண்டிருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு தேகப்பயிற்சி மாஸ்ரர், ஒரு கல்வி அதிகாரி, ஒரு சாம்பல் சட்டி எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இருபத்துநாலு வயதுக் கணக்கு ரீச்சர் ஒருத்தி இருக்கிறாள். அவள் நான்தான். இன்றைக்குக் கண்டாலும் அவளுடைய கன்னத்தைப் பொத்தி ஒன்று விடுவேன்.

அப்போது நான் பேராதனையில் கணிதம் படித்து முடித்து, வல்வெட்டித்துறைக்குக் கிட்டவுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒன்பது மாதம். (அரசாங்கம் பொறுப்பெடுத்துப் பத்து வருஷம் தாண்டியும் ஊர்ச்சனம் அதை மிஷன் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்லும்.) என் நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்வி அதிகாரி வந்து பார்த்து, நல்லதாக நாலு வரி எழுத வேண்டும். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். எனக்குக் கீழே மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவையும் சேர்த்தால் அந்த நாலு வரிக்குள் நாங்கள் ஆறு பேர் குந்திக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் விஞ்ஞான அறைக்குக் கூரை போடுவதற்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு கார்ணிவேல் வைத்தார்கள். தேகப்பயிற்சி படிப்பிக்கும் தில்லையம்பலம் மாஸ்ரர் ஒரு யோசனை சொன்னார். விளையாட்டு மைதானத்தில் கதியால் என்கிற வேலித்தடிகளை நட்டு, ஆளுயரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகால் வேலி அடைத்து, உள்ளே ஒடுங்கின ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்து, ஒரு மாயக்கோட்டை கட்டுவோம் என்றார். ஒவ்வொரு சந்தியிலும் பலகையில் ஒரு புதிர் எழுதியிருக்கும். அதற்கு இரண்டு விடைகள்: ஒன்று இடப்பக்க வழியில், மற்றது வலப்பக்க வழியில். சரியான விடையின் வழியே போனால் அடுத்த சந்தி. பிழையான வழியே போனால் பொறி.

பொறிகளைப் பற்றி மாஸ்ரர் கண் மினுங்கக் கதைத்தார். அவருடைய தமையன்மார் தோணியில் கடலோடிய ஆட்கள். கயிறு, கப்பி, முடிச்சு எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. மேலேயிருந்து மாவைக் கொட்ட வைப்போம் என்றார் யாரோ. கோதுமை மாவுக்குக் கியூ நின்ற காலம் அது. மாவைக் கொட்டினால் சனம் பையோடு வந்து வேண்டுமென்றே பிழையான வழியால் போகும் என்றார் பள்ளிக்கூட அதிபர். ஆகவே அடுப்புச் சாம்பல் என்று முடிவாயிற்று.

புதிர்களை எழுதும் பொறுப்பு எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? (இது அன்றைய என் நினைப்பு.) ஏழு புதிர்களையும் விடைகளையும் ஒரே இருப்பில் எழுதி, திரும்பிப் பார்க்காமல் மாஸ்ரரிடம் கொடுத்தேன். இரண்டு நாளைக்குப் பிறகு அவர் அந்தத் தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"ரீச்சர், உந்த ஐஞ்சாவதை ஒருக்காப் பாருங்கோ."

"ஏன், மாஸ்ரருக்கு விளங்கேல்லையோ?"

"விளங்குது. அதுதான் பாக்கச் சொல்லுறன்."

"மாஸ்ரர், நீங்கள் பந்தைப் பாருங்கோ. கணக்கை நான் பாக்கிறன்."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஓம் ரீச்சர்," என்று போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாளைக்கு இனித்தது. நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கிறேன்.

கார்ணிவேல் அன்று பின்னேரம் நாலு மணி. மாயக்கோட்டை மத்தியானம்தான் கட்டி முடிந்தது. அதை ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இளநீலச் சேலையை மினுக்குவதிலும் அதன் கொய்யக மடிப்புகளை ஒழுங்குபடுத்துவதிலும் எனக்கு நேரம் போய்விட்டது. கல்வி அதிகாரி பெண்சாதியோடு காரில் வந்து இறங்கினார். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சப்பாத்து. பெண்சாதி மெலிந்த அமைதியான மனுசி. அரக்குப் பட்டுச்சேலை கட்டியிருந்தா.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். "நீர்தானே புதிர் போட்டனீர். சேரையும் மிஸிஸையும் நீரே கூட்டிக்கொண்டு போம்."

அந்த நாலு வரி தானாகவே வந்து என் கையில் விழுந்தது போல இருந்தது.

உள்ளே புதுக்கிடுகு மணத்தது. வெளியே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. முதலாவது புதிர்: மூன்று பூனைகள் மூன்று நிமிஷத்தில் மூன்று எலிகளைப் பிடித்தால், நூறு எலிகளைப் பிடிக்க நூறு பூனைகளுக்கு எவ்வளவு நேரம்?

"நூறு நிமிஷம்," என்றார் அதிகாரி உடனே.

"இஞ்சருங்கோ, மூண்டு நிமிஷமெல்லோ?" என்றா மனுசி மெதுவாக.

"நீர் சும்மா இரும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. சரியாகச் சொன்ன மனுசியை இப்படியா வாயடைப்பது? ஆனாலும் நாலு வரி நினைவுக்கு வந்தது. "சேர் பகிடிக்குச் சொல்லுறார்," என்று இளித்துக்கொண்டு அவர்களை மூன்று நிமிஷ வழியால் கூட்டிப் போனேன். அடுத்த மூன்று சந்திகளிலும் இதே கூத்து. அவர் பிழையாகச் சொல்வார், மனுசி சரியாகச் சொல்லுவா, அவர் "சும்மா இரும்" என்பார், நான் இளித்து வழிகாட்டுவேன். நாலாவது சந்தி தாண்டும்போது எனக்குக் கன்னம் நொந்தது, நெஞ்சு கொதித்தது.

ஐந்தாவது சந்தி. பலகையில் என் புதிர்: நூறடி நீளமான நேர்வேலி. பத்தடிக்கு ஒரு கதியால். இரண்டு அந்தத்திலும் கதியால் வேண்டும். மொத்தம் எத்தனை கதியால் நட வேண்டும்? இடப்பக்கம் பத்து. வலப்பக்கம் பதினொன்று.

"பத்து!" என்றார் அதிகாரி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனுசன் கடைசியில் ஒன்றாவது சரியாகச் சொல்லிவிட்டார். "சரியாச் சொன்னீங்கள் சேர்!" என்று கை தட்டாத குறையாகக் கத்தினேன்.

மனுசி பலகையைப் பார்த்தபடியே நின்றா. "பதினொண்டு வரும் போலை. துடக்கத்திலையும் ஒண்டு நடவேணுமெல்லோ…"

"சும்மா இரும் எண்டனான்," என்றார் அவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு சந்தியாக அந்த மனுசிக்காக உள்ளுக்குள் கொதித்த நான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலத் தலையைச் சரித்து, இரக்கமாகச் சிரித்துச் சொன்னேன்: "இல்லை மிஸிஸ். நூறைப் பத்தாலை பிரிச்சால் பத்துத்தான். வாங்கோ."

இடப்பக்கம் திரும்பி, நானே முன்னுக்கு நடந்தேன். எட்டு அடி போயிருப்போம். பின்னால் ஒரு படலை தடாரென்று விழுந்து கொளுவிக்கொண்டது. நான் மிதித்த பாய் கீழே போனது. முழங்கால் வரை சேறு. சாதாரணச் சேறு இல்லை. தொண்டைமானாற்றுக் கடலேரியிலிருந்து வண்டிலில் ஏற்றி வந்த கறுப்புச் சேறு. அழுகின மட்டி மணம். என் பின்னாலேயே அதிகாரி, வெள்ளைச் சப்பாத்தோடு. விழும்போது பிடிக்க ஏதாவது தேடி, தொங்கிய கயிறொன்றைப் பிடித்தார். அந்தக் கயிறுதான் சாம்பல் சட்டியின் கயிறு.

மனுசி மட்டும் பாயின் விளிம்பில் நின்றுவிட்டா. அவவில் ஒரு பொட்டுச் சாம்பல் படவில்லை.

தும்மி முடித்ததும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது? எழுதினால் தாள் கருகும். இந்த மாஸ்ரர் மனுசன் பலகையை மாறிக் கொளுவிவிட்டான்! ஆசிரியர் அறையில் சொன்னதற்குப் பழி வாங்கிவிட்டான்! கிடுகு அதிரக் கத்தினேன்.

"தில்லையம்பலம் மாஸ்ரர்! இஞ்சை வாங்கோ! பலகையை மாறிப் போட்டிட்டு எங்கை நிக்கிறியள்? உங்களுக்கு எண்ணத் தெரியாதோ?"

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கிப் பாட்டு முடிந்தது. (யாரோ வேண்டுமென்றே நிறுத்தினான் என்பது இன்றைக்கும் என் சந்தேகம்.) மைதானம் முழுக்க என் குரல் போனது. வேலிக்கு வெளியே சனம் கூடும் சத்தம் கேட்டது. பிறகு மாஸ்ரரின் குரல், ஆறுதலாக:

"பலகை சரியாத்தான் இருக்கு ரீச்சர். விடை பதினொண்டு."

"பத்து! பத்து! ஆரைக் கேட்டாலும் பத்து!"

"ஓம், பத்துத்தான்!" என்றார் சாம்பலுக்குள்ளிருந்து அதிகாரி. அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் இருந்த ஒற்றுமையைச் சொல்லி முடியாது.

"அப்ப ஒரு வேலை செய்வம்," என்றார் மாஸ்ரர். "கோட்டையின்ரை றோட்டுப் பக்க வேலி சரியா நூறடி. பத்தடிக்கு ஒரு கதியால். கதியாலுக்கு நான்தான் கிடங்கு கிண்டினனான். சனம் எண்ணட்டும்."

சனம் எண்ணியது. ஒருவர் கையால் கதியாலைத் தட்டிக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னால் போய்க் கோரசாக எண்ணினார்கள். "ஒண்டு… ரெண்டு… மூண்டு…" எட்டு வரும்போது நான் மனதுக்குள் படம் கீறிப் பார்த்தேன். ஒன்பது வரும்போது எனக்கு விளங்கிவிட்டது. அந்த இரண்டு எண்களுக்கிடையில் நான் பட்ட பாடு பரீட்சை மண்டபத்திலும் பட்டதில்லை. "பத்து!" என்ற பிறகும் தட்டினவர் இன்னொரு கதியாலுக்கு நடந்தார். பிறகு ஊரே சேர்ந்து, "பதினொண்டு!" அடுத்த ஒழுங்கைக் கோயில் தேர்முட்டிவரை கேட்டிருக்கும்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். சாம்பலுக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. "நீர்தானே புதிர் போட்டனீர்?" என்றார்.

வெளியே போக இன்னொரு படலை இருந்தது. அதை ஒரு தடித்த கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். மேலே பலகை: முடிச்சை அவிழ்த்தால் விடுதலை. அதிகாரி நகத்தால் பிறாண்டினார். பல்லால் கடித்தார். பேனாக்கத்தி தேடினார், காரில் இருந்தது. நான் அந்த முடிச்சில் என் கோபம் முழுவதையும் காட்டி இழுத்தேன். அது இன்னும் இறுகியது.

மனுசி விளிம்பு வழியே சேற்றில் கால் படாமல் வந்தா. "கொஞ்சம் விடுங்கோ," என்றா. கயிற்றை இழுக்கவில்லை, உள்ளே தள்ளினா, ஒரு வளையத்தைப் புரட்டினா. முடிச்சு பூவாக விரிந்தது.

"எங்கடை அப்பு தோணிக்காரர்," என்றா எனக்கு. பிறகு, சத்தமே இல்லாமல், "நான் அங்கையே சொன்னனானெல்லோ," என்றா. அவருக்குச் சொன்னாவா, எனக்குச் சொன்னாவா என்று எனக்குத் தெரியவில்லை. இருவருக்கும்தான் இருக்க வேண்டும். அன்றைக்குச் சேறும் சாம்பலும் செய்யாததை அந்த ஒரு வசனம் செய்தது. வேலிக்கு வெளியே நின்ற மாஸ்ரர்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி என்மேல் ஏறிக்கொண்டது.

வெளியே தில்லையம்பலம் மாஸ்ரர் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார்.

"பிழையெண்டு தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?" என்று பழக்கதோஷத்தில் பாய்ந்தேன்.

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் பந்தைப் பாக்கச் சொன்னீங்கள்," என்றார்.

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு கிழமையில் மன்னித்திருப்பேன்.

நாலு வரி வந்தது. மூன்று வரி நல்லதாகவே இருந்தது. நாலாவது வரி: எண்ணும்போது கூடிய கவனம் தேவை. நியமனம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. தம்பி ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் நின்றான். அது பகிடி இல்லை. அதை நினைத்தால் வரும் கோபத்துக்கு இன்னும் ஒரு முடிவு கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கும்போது அந்த மனுசியைக் கண்டேன். நானே போய், "மிஸிஸ், அண்டைக்கு நான் கதைச்சது பிழை," என்றேன். என் வாயில் அந்தச் சொல் அதுவரை வந்ததில்லை. உச்சரிக்கக் கஷ்டமாக இருந்தது. அவ என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா.

"நீங்கள் பரவாயில்லை ரீச்சர். அவர் இண்டைக்கும் பத்து எண்டுதான் நிக்கிறார்."

கதை எப்படியோ என் கலியாண வீட்டுக்கு வந்து, அங்கிருந்து பிள்ளைகளிடம் போய்விட்டது. என் வீட்டில் நான் சொல்லும் எந்த எண்ணிக்கைக்கும் மதிப்பில்லை. ஐந்து பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் மகள் ஆறு சாப்பாட்டுக் கோப்பை வைப்பாள். இரண்டு தேங்காய் என்றால் மூன்று வரும். முப்பத்துநாலு வருஷம் கணக்குப் படிப்பித்தவள் நான்! போன மாதம் எனக்கு எழுபத்தேழாவது பிறந்தநாள். கேக்கில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். ஒருவரும் பார்க்காத நேரத்தில் எண்ணினேன். எழுபத்தெட்டு. கோபம் உச்சிக்கு ஏறியது. கூப்பிட்டுக் கேட்டேன்.

மகள் சொன்னாள்: "அம்மா, துடக்கத்திலையும் ஒண்டு நடவேணுமெல்லோ."