ராஜபாய்க்கு ஒதுக்கப்பட்ட ஆள்

பாறைவிளை சபையில் தனிமை என்பது முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் ஆலய வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸ் தட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். பதினாறு அடி நீளம். கமிட்டியார் பதினோரு பேரும் கைகூப்பி நிற்கிறார்கள். யாருடைய தனிமை ஒழிந்ததோ அவர்களின் படத்துக்கு மட்டும் இடம் போதவில்லை.

இந்த மகத்தான காரியம் ராஜபாய் கேட்ட ஒரு சின்னக் கேள்வியில்தான் தொடங்கிற்று.

ராஜபாய்க்கு எழுபத்தொரு வயது. முப்பத்திரண்டு வருடம் ஆபீசில் வேலை பார்த்தவள். அதாவது அண்டியாபீஸ். முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். போன அன்றே வேலை நடக்கிற ஆபீஸ் அது ஒன்றுதான் என்பது அவளுடைய கருத்து. கட்டினவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பிள்ளை கிடையாது. இடப்பக்கத்து வீட்டுக்காரர்கள் மஸ்கட்டில், வலப்பக்கத்து வீட்டுக்காரர்கள் துபாயில். இரண்டு வீட்டுப் பூட்டுகளுக்கும் நடுவில் அவள் குடியிருந்தாள்.

கண்ணில் புரை வளர்ந்து வேதாகமத்தில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே ஆப்பரேஷன் செய்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: கூட நிற்க ஓர் ஆள் வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் ஜேசுதாசிடம் போனாள்.

“செக்ரட்டரி சாரே, ஒரு நாளைக்கு எனக்க கூட நிக்க ஒரு ஆளு வேணும். காலம்பற போனா சாயங்காலம் வந்திரலாம். கண்ணு ஆப்பரேஷனாக்கும்.”

ஜேசுதாஸ் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் அலுவலகம்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது. பிள்ளைகள் கனடாவில். பேரப்பிள்ளையைப் பார்க்க மனைவியும் அங்கேயே போய்விட்டதால், தன் கண்காணிப்பு முழுவதையும் சபைக்கு அர்ப்பணித்திருந்தார்.

“ராஜபாயக்கா, இப்பிடி வாயால ஆளு கேக்கப்பிடாது. இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணு தந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாவ. ஒரு திட்டமா கொண்டுவரணும்.”

“திட்டம் எனக்க கூட பஸ்ஸில வருமா சாரே?”

“திட்டம் வந்தா ஆளு தானா வரும்.”

திட்டம் வந்தது. ‘நலிந்த குடும்பங்கள் மற்றும் தனித்து வாழும் மூத்த பெண்கள் அரவணைப்புத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். அக்டோபர் முதல் ஞாயிறு தொடக்க விழா. நலிந்த குடும்பங்கள் எவை என்பது பகிரங்கமாக மைக்கில் வாசிக்கப்பட்டது. ரப்பர் வெட்டப் போன இடத்தில் விழுந்து இடுப்பொடிந்த ஷிஜினுக்கு முதல் அரிசிப் பை. அந்தப் பையை ஒன்பது கைகள் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தன. போட்டோக்காரர், “அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது” என்று ஷிஜினைப் பார்த்துச் சொன்னார். ஷிஜினும் ஊன்றுகோலோடு தள்ளி நின்றான்.

மூத்த பெண்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் ஜேசுதாசின் மூளை ஜொலித்தது. டிசம்பர் வந்தால் வாலிபப் பிள்ளைகள் ‘கிறிஸ்மஸ் ஃபிரண்ட்’ என்று சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்காக ரகசியமாக ஜெபிக்க வேண்டும், உதவ வேண்டும். கிறிஸ்மஸ் மர விழா அன்றுதான் ‘நான்தான் உன் ஃபிரண்ட்’ என்று வெளிப்படுத்த வேண்டும். அதையே மூன்று மாதத்துக்கு நீட்டி, சபையார் அனைவருக்கும் விரித்து, தீர்மானம் போட்டுவிட்டார்.

பிளாஸ்டிக் வாளியில் சீட்டுகள் சுற்றி வந்தன. ராஜபாயும் சபை அங்கம்தானே, அவளும் ஒன்று எடுத்தாள். பிரித்துப் பார்த்தால் அவள் கண்ணுக்கு வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அருகே பெண்கள் ஐக்கிய சங்கத்து ஜெஸ்பின் உட்கார்ந்திருந்தாள்.

“மக்கா, இதில ஆருக்க பேருன்னு வாசிச்சுச் சொல்லு.”

“ஐயோ மாமி!” ஜெஸ்பின் கண்ணை மூடிக்கொண்டாள். “எனக்குக் காட்டப்பிடாது. ரகசியமாக்கும்.”

ராஜபாய் சீட்டை மடித்து வேதாகமத்தில் சங்கீதம் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மறு வாரம் ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டாள்: “பைஸ்டாண்டர் யாரும்மா? கூட நிக்கிற ஆளு?”

“உண்டு மக்கா.”

“எங்க?”

“அது தெரியாது. ரகசியம். கிறிஸ்மஸ் மரத்து அன்னைக்குத்தான் சொல்லுவாவ.”

 நர்சு ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ஜனவரி’ என்று எழுதி, “மூளை டாக்டரையும் ஒருக்கா பாத்திருங்கம்மா” என்று அன்பாகச் சொன்னாள்.

ராஜபாய் நேரே கமிட்டி அறைக்குப் போனாள். “சாரே, அந்த ரகசிய ஆளு வரவேண்டாம். வேற ஆரையாவது கூட்டிட்டுப் போறேன்.”

“அது முடியாதே. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஆளு ஒதுக்கியாச்சு. ஒருத்தருக்கு ரெண்டு ஆளு ஒதுக்க விதியில்லை.”

“ஒதுக்கின ஆளு ஆருன்னு சொல்லுங்க, நானே போய்க் கேக்கேன்.”

“எனக்கே தெரியாதே! தெரிஞ்சா திட்டம் பழுதாயிராதா?”

பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஜெஸ்பினுக்கு மனம் இளகிவிட்டது. “நான் வேணும்னா மாமி கூடப் போகட்டா சார்?”

ஜேசுதாஸ் பேனாவைக் கீழே வைத்தார். “நல்லா யோசிச்சுப் பேசணும். மாமிக்க பேரு உங்க சீட்டில இருந்தா, நீங்க போனா ரகசியம் உடைஞ்சு போவும். இல்லாட்டா, வேற ஒருத்தருக்க ஊழியத்தைத் தட்டிப் பறிச்ச மாதிரி ஆவும். ரெண்டும் தப்பு.”

“அதுவும் சரிதான்” என்றாள் ஜெஸ்பின். அவள் முகத்தில் வந்த நிம்மதி புரை விழுந்த கண்ணுக்கே தெரிந்தது.

ராஜபாய்க்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் தன் பங்கை அவள் குறை வைக்கவில்லை. அண்டியாபீசில் எண்ணிக்கை தவறாமல் கொட்டை உடைத்த பழக்கம். தினமும் விடியற்காலையில் சீட்டை உள்ளங்கையில் வைத்து, “ஆண்டவரே, இது ஆருண்ணு எனக்குத் தெரியாது. ஆனா பாவம், அதுக்கும் ஆரும் இருக்கமாட்டாவ. நல்லா வச்சுக்கிடும்” என்று ஜெபித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்போடு ஒரு பங்கு எடுத்து மூடி வைத்தாள். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் பொழுது சாயும்போது அதைத் தானே தின்றாள். தின்னும்போதெல்லாம் அடுத்தவர் பங்கைத் தின்கிறோமே என்று உறுத்தும்.

கிறிஸ்மஸ் மர விழா வந்தது. போதகர் ஜெபித்து உட்கார்ந்ததும் ஜேசுதாஸ் மைக்கைப் பிடித்தார். “ரகசிய நண்பர்கள் ஒவ்வொருவராக எழும்பலாம்.”

சபை தலைகுனிந்து ஆழ்ந்த தியானத்தில் இருந்தது. ஒருவருடைய சீட்டு வாஷிங் மெஷினுக்குப் போயிருந்தது. ஒருவர், மூன்று மாதமாக யாருக்கும் சொல்லக்கூடாது என்றதால் தானே மறந்துவிட்டதாகச் சொன்னார். ஜெஸ்பின் தன் சீட்டைப் பிரித்தே பார்க்கவில்லையாம். பார்த்தால் ரகசியம் வெளியாகிவிடுமோ என்ற பயம்.

கடைசியில் ராஜபாய் எழும்பினாள். “எனக்க கையில சீட்டு பத்திரமா இருக்கு சாரே. ஆருக்க பேருன்னு நீங்களே வாசியுங்கோ.”

ஜேசுதாஸ் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார், கைநீட்டித் தள்ளிப் பார்த்தார், டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ராஜபாய்.”

அவரே சீட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“சொந்தப் பேரு வந்தா திருப்பிப் போடணும்லா அக்கா!”

“வாசிக்கக் கண்ணு இருந்தா நான் என்னத்துக்கு சாரே ஆளு கேட்டு வந்தேன்?”

முப்பத்தாறு வருடக் கோப்பு அனுபவம் சும்மா போகுமா? ஜேசுதாஸ் சுதாரித்துக்கொண்டார். “சரி, உங்க நண்பருக்கு நீங்க என்ன செய்திய?”

“தினமும் ஜெபம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கிழங்கும் மீனும்.”

“அது உரியவருக்குப் போய்ச் சேந்துதா?”

ராஜபாய் யோசித்தாள். “இப்போ பாத்தா, சேந்திருக்கு.”

“சபையாரே!” ஜேசுதாசின் குரல் தழுதழுத்தது. “ஒரு நாள்கூடத் தவறாமல் தம் கடமையைச் செய்த நண்பர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். ஒரு நாள்கூடக் கைவிடப்படாத மூத்த பெண்மணியும் ஒருவர் இருக்கிறார். திட்டம் மாபெரும் வெற்றி!”

கைதட்டலில் ஓடு அதிர்ந்தது. சிறந்த ரகசிய நண்பர் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ராஜபாய் அதை வாங்கிக்கொண்டு, “கூடவே எழுத்தில ஒண்ணு தாங்கோ. சீல் வச்சு” என்றாள். எழுத்து, சீல் என்று கேட்டதும் ஜேசுதாஸ் உருகிப்போனார். மேற்படி சபையைச் சேர்ந்த ராஜபாய் என்பவருக்கு, மேற்படி சபையைச் சேர்ந்த ராஜபாய் என்பவரே முறைப்படி ஒதுக்கப்பட்ட துணை ஆவார் என்று அன்றே சான்றளித்தார்.

ஜனவரியில் ராஜபாய் சான்றிதழோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆதாரம் கேட்டால் காட்டலாமே என்று கடிகாரத்தையும் பையில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை கவுண்டரில் வேறு ஆள். தாளை மேலும் கீழும் பார்த்தார். சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. ஒரு தாளில் அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

“நோயாளி உள்ள போங்க. கூட நிக்கிறவங்க இந்த நாற்காலியில இருங்க.”

ராஜபாய் பையை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்வரை கடிகாரம் அங்கேயே உட்கார்ந்து துடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வலது கண்ணில் கட்டோடு வெளியே வந்தபோது ஒரு நர்சு தலைநிமிராமல் படித்தாள்: “ராஜபாய்க்குக் கூட வந்தவங்க கேட்டுக்கிடுங்க. நோயாளியைக் குனிய விடக்கூடாது. தனியா விடவே கூடாது.”

“விடமாட்டேன்” என்றாள் ராஜபாய்.

வடசேரியில் பஸ் ஏறும்போது படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.  பின்னால் நின்ற ஒரு மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தாள். பேர்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு எந்தத் திட்டமும் தெரியாது.

கட்டு அவிழ்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாய் கறுப்புக் கண்ணாடியோடு ஆலயத்துக்குப் போனாள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“மாமி, கண்ணு தெளிஞ்சுதா? என்னைத் தெரியுதா?” என்றாள் ஜெஸ்பின்.

“தெரியுது மக்கா. இப்போதான் எல்லாரையும் நல்லாத் தெரியுது.”

அன்று ஒரு தீர்மானமும் நிறைவேறியது. சென்ற ஆண்டு முழு வெற்றி கண்டது ராஜபாயின் சீட்டு ஒன்றே என்பதால், இனி குலுக்கல் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் எழுதிய சீட்டே வழங்கப்படும். ஆதரிப்போர் கைதூக்கலாம் என்றதும் சபையே கைதூக்கியது; தூக்கிய கையிலேயே சீட்டும் வந்து சேர்ந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை என்பதில் எல்லாருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

ஆராதனை முடிந்து ராஜபாய் வாசலிறங்கும்போது ஜேசுதாஸ் பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“ராஜபாயக்கா, எனக்கும் கண்ணில புரைன்னு சொல்லிட்டாவ. பிள்ளைய எல்லாம் கனடாவில. ஒரு நாளைக்குக் கூட நிக்க...”

“சீட்டு வாங்கினியளா சாரே?”

“வாங்கினேன்.”

“ஆருக்க பேரு?”

ஜேசுதாஸ் சட்டைப் பையைத் தடவினார்.

“அப்போ உங்களுக்கு ஆளு ஒதுக்கியாச்சே. ஒருத்தருக்கு ரெண்டு ஆளு ஒதுக்க விதியில்லை” என்றாள் ராஜபாய். நாலடி நடந்தவள் நின்று திரும்பினாள். “நாற்காலி வெறுமனே கிடக்கப்பிடாது கேட்டியளா. வீட்டுக்கு வாங்கோ, கடிகாரத்தைத் தாறேன். வேலை முடிஞ்சதும் திருப்பித் தந்திரணும்.”