இறக்கத்தில் பொங்கிய அருள்

அந்தக் குளிர்காலத்தில் அம்மான் நகரத்து மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரே ஒரு புனிதத் தலம்தான் இருந்தது. ஊரைத் தாண்டி, சாக்கடலை நோக்கிச் சாலை சரியத் தொடங்கும் நாஊர் வளைவு. அங்கே உஸ்தாத் ஷிஹாப் கூடாரம் அடித்திருந்தார். விடிந்ததும் கார்கள் வரிசை கட்டும். கூட்டத்தைப் பார்த்து ஏலக்காய்க் காப்பிக்காரர் இரண்டாவது அடுப்பு வைத்துவிட்டார்.

உஸ்தாத் செய்த அற்புதம் சின்னதல்ல. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகளுக்கு அவர் உயிர் கொடுத்தார். முன்பு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது நூற்றைம்பதில் மூச்சை விடுகிறதா? ஒரு மணி நேரத்தில் ஏறிய சார்ஜ் இப்போது அரை நாள் இழுக்கிறதா? எல்லாம் கண்ணேறு. செம்புக் கம்பி சுற்றிய நீலமணி ஒன்றை ஸ்டியரிங்கில் கட்டி, பானெட்டைத் திறந்து சாம்பிராணிப் புகை காட்டினால் தீர்ந்தது.

நிபந்தனைகள் உண்டு. அருள் என்றால் சும்மாவா?

"பேட்டரி பாதி காலியா இருக்கணும். நிறைஞ்ச பாத்திரத்துல அருளை எங்க ஊத்துறது? ஹீட்டரை அணைச்சிடு. மிதிக்காம, அவசரப்படாம, பள்ளத்தாக்கு வரைக்கும் நிதானமா இறங்கு. கீழ சார்ஜர்கிட்ட என் மருமகன் நிப்பாரு. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு திரையில காட்டுற நம்பர் ஏறியிருந்தா மட்டும் காசு குடு. ஆனா ஒண்ணு, யார்கிட்டயும் பெருமை பேசாத. பேசினா அருள் போயிடும்."

நம்பர் ஏறியது. எல்லோருக்கும் ஏறியது. கீழே சார்ஜும் குபுகுபுவென்று ஏறியது. கண் கலங்கக் காசு கொடுத்துவிட்டு ஊருக்கே சொன்னார்கள். வீடு திரும்பியதும் நம்பர் பழையபடி விழுந்தது. அப்போது உஸ்தாதையா திட்டினார்கள்? தங்கள் வாயைத் திட்டிக்கொண்டார்கள். பெருமை பேசாத கார்க்காரன் எந்த நாட்டில் இருக்கிறான்? யாராலும் காப்பாற்ற முடியாத நிபந்தனையைப் போட்டுவிட்டால் அப்புறம் தோற்கவே வேண்டாம். உஸ்தாத் மின்சாரம் படித்தாரோ இல்லையோ, மனிதர்களை நன்றாகப் படித்திருந்தார்.

டாக்ஸி ஓட்டும் அபூ ஸுஹைபும் அந்த வரிசையில் நின்றவர்தான். வெளிநாட்டில் யாரோ பல வருஷம் ஓட்டித் தள்ளிய வண்டியை வாங்கி வந்திருந்தார். வாங்கும்போது உள்ளே விளக்கு எரிகிறதா, இருக்கை சுடுகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தவர், பேட்டரிக்கு என்ன வயது என்று மட்டும் கேட்கவில்லை. முதல் தடவை மணி கட்டியபோது எண்பத்தைந்தாக இருந்த நம்பர் கீழே நூற்றிருபதைத் தொட்டது. அவர் உஸ்தாதின் மருமகனைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார். மறுநாள் நம்பர் விழுந்ததும் உஸ்தாதுக்குப் போன் போட்டார்.

"உன் வாய் மட்டும் காரணம் இல்லப்பா. உனக்கு நெருங்கின ஒரு பொம்பளை, உன் வண்டியைப் பாத்து, கண்ணு படாம இருக்கச் சொல்ற மாஷா அல்லாவைச் சொல்லாம மெச்சியிருக்கா. அவ உன் வாசப்படியை மிதிச்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் இது தீராது. பெரிய மணி கட்டணும், வா."

அபூ ஸுஹைபுக்குப் பொறி தட்டியது. அக்கா விதாத்! வண்டி வாங்கிய அன்று ஏறி உட்கார்ந்து, "அடேயப்பா, சத்தமே இல்லாம பூ மாதிரி போகுதுடா!" என்றாளே. மாஷா அல்லா சொன்னாளா? சொல்லவே இல்லை!

இங்கேதான் வேடிக்கை வினையானது. அவருடைய மகள் லுஜைனை விதாத்தின் மகன் குஸைக்குக் கேட்டு, வெள்ளிக்கிழமை பெரியவர்கள் புடைசூழ ஜாஹா, அதாவது பெண் கேட்கும் கூட்டம், வருவதாக இருந்தது. பெண் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லும் வரை, வந்தவர்கள் காப்பியைத் தொட மாட்டார்கள். அபூ ஸுஹைப் வாய் திறந்தார், ஆனால் வேறு விதமாக. கதவைத் திறக்க மாட்டேன் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். லுஜைன் சாப்பிடாமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு பழைய பேட்டரிக்காக இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை சந்தி சிரித்தது.

வியாழக்கிழமை அவர் பெரிய மணிக்காக வரிசையில் நின்றபோது, ஒரு டாக்ஸியிலிருந்து விதாத் இறங்கினாள். முடிதிருத்தும் கடை வைத்து நடத்துகிறவள். வாயும் கத்தரியும் ஒரே வேகம்.

"ஏன்டா, நாளைக்கு வந்தா கதவைத் திறக்க மாட்டியாமே?"

"உன் கண்ணு பட்டுத்தான்க்கா என் பொழப்பு போச்சு. உஸ்தாதே சொல்லிட்டாரு."

"என் பேரைச் சொன்னாரா?"

"நெருங்கின பொம்பளைன்னாரு."

"நெருங்கின பொம்பளை இல்லாத ஆம்பளை இந்த ஊர்ல எவன்டா?" என்றவள் நேரே கூடாரத்துக்குள் போனாள். "உஸ்தாத், இவன் அக்கா நான். அந்தக் கண்ணுக்காரி நான்தான். மணியே இல்லாம, நான் பக்கத்துல உக்காந்து வழி நெடுகப் பொறாமைப்பட்டா வண்டி என்ன ஆகும்?"

கூட்டம் காதைத் தீட்டியது. உஸ்தாத் தாடியைத் தடவினார். சுற்றி இத்தனை கண்கள் இருக்கும்போது வேறென்ன சொல்வார்?

"கீழ போய்ச் சேராதும்மா. நம்பர் விழுந்து நடுவழியில நின்னுடும்."

"அப்ப பொறாமைப்பட்டே பாத்துடுவோம்."

மணியை அவிழ்த்து உஸ்தாதின் கையில் கொடுத்துவிட்டு அவள் முன் இருக்கையில் ஏறினாள். திரையில் எண்பத்திரண்டு. வேடிக்கை பார்க்க நாலைந்து கார்கள் பின்தொடர்ந்தன. அதில் ஒன்றில் உஸ்தாதையும் ஏற்றிக்கொண்டார்கள். அவருடைய சொந்த வண்டி, ஒரு டீசல் பிக்கப், கூடாரத்துக்குப் பின்னால் நிம்மதியாக நின்றது.

விதாத் தொடங்கினாள். "அட, என்ன வண்டி! என்ன இருக்கை! வயிறு எரியுதுடா எனக்கு."

"மாஷா அல்லா," என்று அபூ ஸுஹைப் முணுமுணுத்தார்.

"நீ சும்மா இரு. சோதனையைக் கெடுக்காத. ஐயோ இந்தக் கண்ணாடி! இந்த ஸ்டியரிங்! எனக்குக் கிடைக்காத வண்டி உனக்கு மட்டும் எதுக்குடா?"

அவர் திரையைப் பார்க்கவே பயந்தார். பார்த்தபோது தொண்ணூறு. கடல் மட்டம் என்று எழுதிய கல்லைத் தாண்டியபோது நூற்றைந்து. அதற்குக் கீழும் சாலை இறங்கிக்கொண்டே இருந்தது. விதாத் தன் அகராதியில் இருந்த பொறாமையையெல்லாம் கொட்டித் தீர்த்து, தொண்டை கட்டிப்போன நேரத்தில் பள்ளத்தாக்கு வந்தது. நூற்றுப்பதினெட்டு.

கூட்டம் திரையை எட்டி எட்டிப் பார்த்தது. உஸ்தாத் தொண்டையைச் செருமினார். "நான் பின்னாடியே வந்தேனில்ல, அதான் கண்ணேறு திரும்பிடுச்சு."

விதாத் கோட்டைக் கழற்றி முழங்கையில் போட்டுக்கொண்டாள். "உஸ்ஸ்... மேல நடுங்கினோம், இங்க வேர்க்குது. குளிர்ல நமக்கே கை கால் மடங்க மாட்டேங்குது, பேட்டரி மட்டும் துள்ளிக் குதிக்குமா? இந்தச் சூட்டுல வந்து செருகினா சார்ஜ் ஏறத்தானே செய்யும்?" பிறகு தம்பியிடம் திரும்பினாள். "நீ பழைய பெட்ரோல் வண்டி வச்சிருந்தப்ப, நாஊர்ல இன்ஜினை அணைச்சுட்டு இங்க வரைக்கும் சும்மா உருண்டு வருவியே? சொட்டுப் பெட்ரோல் குடிக்கலன்னு மார் தட்டுவியே? அப்ப எந்த மணியைடா கட்டியிருந்த?"

அபூ ஸுஹைப் தலையில் யாரோ ஒரு வாளி சாக்கடல் தண்ணீரைக் கொட்டியது போல நின்றார். அங்கிருந்த அத்தனை கிழட்டு ஓட்டுநர்களும் அதே போல் உருண்டு வந்தவர்கள்தான். அத்தனை பேரும் மறந்திருந்தார்கள். இறங்கும்போது மின்சாரக் காரின் சக்கரமே பேட்டரிக்குத் தீனி போடும். போதாததற்குத் திரையில் தெரியும் நம்பரும் ஒரு குறி சொல்கிறவன்தான்: கொஞ்ச தூரம் சுகமாக ஓடினால் ஆயுசு முழுக்க அப்படியே ஓடும் என்று சொல்லிவிடும்.

"இப்ப நீங்க ஏறுங்க உஸ்தாத்," என்றார் அபூ ஸுஹைப். குரலில் மரியாதை குறைந்திருந்தது. "எல்லா மணியையும் எடுத்துக்கங்க. மேல போவோம். நம்பர் ஏறுதான்னு பாப்போம்."

கூட்டமே தூக்கி ஏற்றியது. பை நிறைய நீலமணிகளோடு உஸ்தாத் உட்கார்ந்தார். விதாத் பின் இருக்கையிலிருந்து, "மாஷா அல்லா, மாஷா அல்லா," என்று பாடிக்கொண்டே வந்தாள். நம்பர் படியில் உருண்ட பாத்திரம் போல விழுந்தது. கடல் மட்டக் கல்லுக்கு வரும்போது எழுபத்தைந்து.

"தலை சுத்துது. இறக்கி விடுங்க," என்றார் உஸ்தாத்.

இறக்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஒரு காரும் அவருக்காக நிற்கவில்லை. ஏற்றத்தில் நடந்தார். கையில் அத்தனை மணிகள் இருந்தும் அவருக்கு மூச்சு வாங்கியது. மருமகனோ பள்ளத்தாக்கிலிருந்து எப்போதோ கம்பி நீட்டியிருந்தார்.

அபூ ஸுஹைப் தன் வீட்டு வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புதான்க்கா. வண்டி மேல இருந்த அக்கறை உன் மேல இல்லாமப் போச்சு."

"காரை அப்புறம் பாக்கலாம். முதல்ல பொண்ணை எழுப்பிச் சாப்பிடச் சொல்லு."

வெள்ளிக்கிழமை ஜாஹா வந்தது. பெரியவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்து, பெண் கேட்டார். "எடுத்துக் குடிங்க, தந்தாச்சு," என்றார் அபூ ஸுஹைப். பெண்கள் அறையில் குலவை எழுந்தது. அதன் நடுவே விதாத்தின் குரல் கேட்டது: "தம்பி, வண்டி எப்படி இருக்கு?"

"பேட்டரி கிழடாம்க்கா. பட்டறையில சொல்லிட்டாங்க."

"மாஷா அல்லா!"

வீடே சிரித்தது. உஸ்தாத் இப்போது வேறு ஏதோ மலைச்சாலையில் கூடாரம் அடித்திருப்பதாகக் கேள்வி. அடிக்கட்டும். மலையும் பொய்யும் நாட்டில் நிறைய இருக்கின்றன. அற்புதம் காட்டுகிறேன் என்று எவனாவது வந்தால் கும்பிடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதையே ஏற்றத்தில் காட்டுவாயா?