ஒரு முழம் பெரிய மேசை

சட்டையை வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே வரச் சொன்னதில் நாற்காலிக்காரருக்கு வருத்தமில்லை. பதினைந்து வருடமாக உதறிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டை ஒட்டிய பட்டறையில் நாள் முழுக்க உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கிறவர் சட்டையில் மரத்தூள் இல்லாமல் பன்னீரா இருக்கும்? ஆனால் மனைவி அதோடு நிறுத்தவில்லை.

"தங்கச்சி வீட்டுக்காரரும் மரவேலைதான் பார்க்கிறாரு. அவர் சட்டையைப் பாருங்க, போட்டது போட்டபடி இருக்கு."

அந்தச் சட்டைதான் அவர் வயிற்றில் நெருப்பை வைத்தது.

சகலை ஆறு மாதத்துக்கு முன் தூசி உறிஞ்சும் மேசை ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். மேல்பலகை முழுக்க ஓட்டை, அடியில் காற்றாடி. மரத்தை வைத்துத் தேய்த்தால் தூள் பறக்காமல் அப்படியே கீழே இறங்கிவிடும். அது வந்ததிலிருந்து அந்த வீட்டில் துடைப்பத்துக்கே வேலையில்லையாம். மனைவி இதைக் காலையில் ஒரு தரமும் சாப்பிடும்போது ஒரு தரமும் சொல்லிவந்தாள்.

ஏதோ அந்தப் பக்கம் வந்தவர் போல நாற்காலிக்காரர் ஒருநாள் போய்ப் பார்த்தார். சகலை வஞ்சகமில்லாமல் விளக்கினார். தேய்க்கிற சாமானின் அளவுக்கு மேசை இருந்தால் போதும், பெரிதாக வாங்கினால் காற்று பரவி இழுப்பு குறைந்துவிடும், மிச்சமிருக்கும் ஓட்டைகளைப் பலகையால் மூடிக்கொண்டால் நல்லது என்றார்.

"உங்களுக்கு நாற்காலிக் காலும் கையும்தானே அண்ணே. என்னோடதைவிடச் சின்னதே போதும்."

மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. 'சின்னது' மட்டும் காதில் தங்கிவிட்டது.

கடையில் அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை, வடிகட்டியைப் பார்க்கவில்லை. சகலையின் மேசை நான்கடி. அதைவிட ஒரு முழம் நீளமானது வேண்டும் என்றார். எதைத் தேய்க்கப்போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டதற்கு அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

அப்போது அவர் கையில் நூலகத்து வேலை இருந்தது. நூலகத்தின் பழைய நாற்காலி நாற்பதைத் தேய்த்துப் புதுப்பிக்க வேண்டும். பாதிக்கு வார்னிஷ் அடித்தாயிற்று, மீதியைத் தேய்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்தால் அடுத்து அலமாரி வேலையும் அவருக்குத்தான் என்று நூலகர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வேலையை நம்பித்தான் அந்த வருடமே இருந்தது.

மேசை பட்டறை வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினார், நிலையையும் பெயர்த்தார். மேசை உள்ளே போனது, கூடவே தெருப்புழுதியும் போனது. ஈரம் காயாத இருபது நாற்காலிகளிலும் அது சொந்த வீடு மாதிரி குடியேறியது. எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று.

தேய்த்தால், தூள் இறங்காமல் மேசை மேலேயே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பாதி ஓட்டையை மூடினால் சரியாகிவிடும் என்று அவருக்கே தெரியும். ஆனால் மூடினால் மேசை சகலையின் மேசையைவிடச் சின்னதாகிவிடுமே. அதற்குப் பதில் பெரிய காற்றாடி வாங்கி மாட்டினார்.

அதைப் போட்டதும் வீட்டில் மின்சாரம் போனது. மின்வேலைக்காரர் வந்து தனி லைன் இழுக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு காற்றாடி ஓடியது. தூளை நன்றாகவே இழுத்தது. ஆனால் அது போட்ட இரைச்சலில் நூலகர் ஒன்பது தடவை போன் செய்தது அவர் காதில் விழவில்லை. வெள்ளிக்கிழமை நூலகரே நேரில் வந்தார். ஆறு நாற்காலிதான் தயாராக இருந்தது.

"மேசை வேலை முடிஞ்சதும் சொல்லுங்க, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாற்பதையும் வண்டியில் ஏற்றி வேறு பட்டறைக்கு அனுப்பிவிட்டார். அலமாரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பட்டறை காலியானது. செய்ய ஒன்றுமில்லாமல் நாற்காலிக்காரர் தரையைக் கழுவினார், சுவரைத் துடைத்தார், மேசையைத் துடைத்தார். ஒரு வாரம் துடைத்தார். மனைவி வந்து ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையைப் பார்த்தாள்.

"இப்பதாங்க தங்கச்சி வீட்டுப் பட்டறை மாதிரியே இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது நாற்காலி போன துக்கம்கூட ஒரு நிமிடம் மறந்துபோனது. இதை அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றவே, மைத்துனியை அன்றைக்கே வரவழைத்தார்.

அவள் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். காலியாகக் கிடந்த பட்டறையைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத அவர் சட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இதைப் போய்ச் சொன்னா அவர் இன்னிக்காவது நிம்மதியாத் தூங்குவாரு அத்தான். ஆறு மாசமா ஒரு வேலையும் வராம உட்கார்ந்துக்கிட்டு, உங்க சட்டையில இருக்கிற தூளைப் பார்த்துப் பார்த்து வெந்துக்கிட்டு இருந்தாரு."