செத்தவருக்குக் கூப்பாடு போட்ட பாரிஸ்டர்

பாலக்காட்டில் உயிரோடிருப்பவர்களை விடச் செத்தவர்கள் அதிகம் நம்பிய வக்கீல் எங்கள் பாரிஸ்டர்தான். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நான் அவரிடம் குமாஸ்தா.

லண்டனிலிருந்து ஒரு குதிரைமயிர் டோப்பாவும் பெட்டி நிறைய இங்கிலீஷ் நாவல்களும் கொண்டுவந்திருந்தார். முன்சீப் கோர்ட்டில் யாரும் டோப்பா வைப்பதில்லை. இவர் சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். காக்கை இரண்டு முறை கொத்தியும் பார்த்துவிட்டது. நாவல்களையோ தீர்ப்பு நகல் மாதிரி அடிக்கோடிட்டுப் படிப்பார்.

"ஓய், இதுல வர பாரிஸ்டர்கள்ல பாதிப் பேர் அநாதைச் சொத்தை முழுங்கறா. மீதிப் பேர் செத்தவனுக்கு நியாயம் கேக்கறா. நான் ரெண்டாவது ரகம்!"

அப்படித்தான் கஞ்சிக்கோட்டு மருதாயியின் வழக்கு வந்தது. புருஷன் ராமசாமி சாவதற்கு முன் புன்செய்க் காட்டைத் தனக்கு எழுதிக் கைநாட்டு வைத்ததாகக் கொழுந்தன் ஒரு பத்திரம் நீட்டினான்.

"அந்தக் காடும் போச்சுன்னா நான் எங்கீங்க போவேன்?" என்று அழுதாள் அவள்.

விசாரணையன்று கொழுந்தன் கூண்டில் நின்றான். பாரிஸ்டர் எழுந்து, "பத்திரம் எழுதிக்கொடுத்தவரைக் கூப்பிடணும்" என்றார்.

"அவர்தான் செத்துட்டாரே, ஐயா!" என்றார் முன்சீப்.

"செத்ததுக்கு ரிக்கார்டு தாக்கலாகலையே!"

தொல்லை விட்டால் போதுமென்று முன்சீப் தலையாட்டினார். டவாலி சேவகன் வாசலில் நின்று வழக்கம்போல் ராமசாமி பெயரை மூன்று முறை கூப்பிட ஆரம்பித்தான்.

முதல் தடவை கோர்ட்டே சிரித்தது. இரண்டாம் தடவை பாலக்காட்டுக் கணவாயிலிருந்து மார்கழிக் காற்று ஊளையிட்டு வந்து ஜன்னல்களை அறைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் தடவை, ஆளே இல்லாத வராந்தாவிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"வந்துட்டனுங்க."

சேவகன் வெலவெலத்து உள்ளே ஓடிவந்தான். கொழுந்தன் கூண்டிலேயே மண்டியிட்டான்.

"அண்ணா! உன்ர கை சில்லுன்னு ஆனப்பறந்தான் மையில அமுக்குனேன்! மன்னிச்சுப்போடு!"

நிலம் மருதாயிக்கே என்று அன்றே தீர்ப்பாயிற்று. முற்றத்துக்கு இறங்கியதும், "யாரைச் சார் ஏற்பாடு பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் பண்ணலை ஓய். கால் நடுங்கறது, சித்தப் பிடிச்சுக்கும்."

கோர்ட்டு காலியான பிறகும் மருதாயி முற்றத்தை விட்டு நகரவில்லை.

"ஏனுங்க, இன்னொருக்காக் கூப்படறீங்களா? அவர்ற கொரல நான் சரியாக் கேக்குலீங்க."

நடுங்கிக்கொண்டிருந்த பாரிஸ்டர் என் கையை விட்டுவிட்டு, தனியாக அந்த வராந்தாவுக்குள் போனார். "ராமசாமி!" என்று கூப்பிட்டார். காற்றுதான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். பொழுது சாய்ந்து அவளாகவே போதுமென்று சொல்லும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்படியொரு பயந்தாங்கொள்ளியை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.